எந்த ஊர் விளம்பரப் பாட்டு?

சோஷி, ஜூன் மாதம்

அன்பு மகள் கயோவுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்காலம் வரப்போவதை என்னைவிட முன்னால் தெரிந்துகொண்டு முனகுகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் கிடைத்தது. ஏப்ரலில் பெர்கனிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து கட்டிலருகே நின்றபோது அப்பா உன்னைப் பார்த்து முஷ்டியை நீட்டினார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், நீ வெளிநாட்டில் தங்கிவிட்ட கோபம் அவருக்குத் தீரவில்லை, இனி நீ வந்தால் ரத்தக்கொதிப்புதான் ஏறும், அதனால் புத்தாண்டுக்கும் வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அடுப்பில் இருந்த மிசோ சூப்பைப் பொங்கவிட்டேன். உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் அப்போது எனக்கும் அந்த முஷ்டி கோபமாகத்தான் தெரிந்தது. இப்போது வேறு விஷயம் தெரிந்திருக்கிறது. அது தெரியவந்த கதை கொஞ்சம் நீளம், சலித்துக்கொள்ளாமல் படி.

அப்பாவைப் போலப் பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் பாட்டு போவதில்லையாம். மெட்டைப் பிடித்துக்கொண்டே வார்த்தை வெளியே வந்துவிடுமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மினாமி என்கிற பெண் சொன்னாள். வீட்டுல என்ன பாட்டும்மா பாடுவாரு என்று என்னைக் கேட்டாள். கம்பெனி விருந்தில் மைக்கை நீட்டினால் கழிப்பறைக்குப் போய் ஒளிந்துகொள்கிற மனிதர் என்ன பாடுவார்? பள்ளிக்கூடப் பாட்டுக்கு வாயே திறக்கவில்லை, நம் ஊர் மீனவர் பாட்டுக்கும் இல்லை. கடைசியில் அவள் பழைய டிவி விளம்பரங்களைப் போட்டாள். கொசுவத்தி, குழம்புக் கட்டி, இருமல் மிட்டாய் என்று வரிசையாக ஓடியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள், யாரென்றே தெரியாமல் பெண்டாட்டியை முறைக்கிற மனிதர்கூடக் கொசுவத்திப் பாட்டில் ஒரு எழுத்து விடவில்லை. இதென்ன அதிசயம் என்று எனக்கு அன்றிலிருந்து மண்டைக் குடைச்சல். பதினைந்து விநாடி வந்து போகிற பாட்டு, யாரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லை, சோற்றைப் போட்டுக்கொண்டே காதில் விழுந்தது, அது எப்படி உள்ளே போய் இவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்துகொள்கிறது? இந்தப் பாட்டுகளில் பாதிக்கு இதற்கு மேல் வரியே கிடையாதாம், அந்தப் பதினைந்து விநாடிக்கு மட்டுமே செய்ததாம்.

அப்பா அவர்களோடு சேர்ந்து பாடவில்லை. ஆனால் எல்லாரும் ஓய்ந்தபிறகு தானாக ஒன்றை எடுத்தார். கயோ, மூன்று மாதமாக ஊ, ஆ தவிர ஒன்றும் வராத வாயிலிருந்து வார்த்தை வார்த்தையாக வந்தது. முதலில் ஒரு டெலிபோன் நம்பர், ராகம் போட்டு. பிறகு, வந்தாச்சு வந்தாச்சு, கையில என்ன, கண்டுபிடி. அத்தோடு நின்றுவிட்டார். முஷ்டியை நீட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். நர்ஸ் வந்து, ஐயோ தசை இழுத்துக்கிச்சா தாத்தா என்று விரல்களைப் பிரித்துத் தைலம் தேய்த்துவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் இதே கதை, அதே இடத்தில் நின்று போகும், முஷ்டி நீளும், தைலம் வரும். நாலாம் நாள் பாடவும் மறுத்துவிட்டார். இப்படி முரண்டு பிடித்தால் பயிற்சியை நிறுத்த வேண்டியதுதான், அப்புறம் பேச்சு வராது என்று மினாமி கைபிசைந்தாள். அடுத்த வரி கெடச்சா அதுவழியா பேச்சுக்குள்ள பூந்துடலாம்மா, எந்த விளம்பரம்னு கண்டுபிடிச்சுக் குடுங்க என்றாள்.

அந்த வார்டில் ஒருவருக்கும் அந்தப் பாட்டு தெரியவில்லை. எனக்கும் கேட்ட ஞாபகம் இல்லை. நம்பர்தான் கையில் இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்ததும் சுழற்றினேன். எடுத்தவர் நம் ஊர்த் தாதாமிப் பாய்க் கடைக்காரர். உங்க விளம்பரப் பாட்டுல அடுத்த வரி என்னங்க என்று கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கடைக்கு டிவில பாட்டா? எம் பொண்டாட்டியே என் கடைப் பாயை வேணாம்னு மரத்தரை போட்டுக்கிட்டா, நீங்க வேற என்றார். போனை வைத்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அப்பா பாடிய நம்பரில் ஊரின் குறியீட்டு எண் இல்லை, அதனால்தான் நம் ஊரிலேயே மணி அடித்திருக்கிறது; உள்ளூர் டிவி விளம்பரத்தில் அதை யார் பாடுவார்கள்? பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். அப்படியானால் அது வேறொரு ஊரின் பாட்டு. அப்பா சோஷியை விட்டு வெளியே வாழ்ந்தது ஒரே இடத்தில்தான், கம்பெனி அவரைத் தனியாக மாற்றிப் போட்ட வடக்கு ஊர் ஹச்சினோஹேயில். மீன் கிடங்கு, ஒற்றை அறை, ஒரு டிவி, மாதத்துக்கு ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு வீட்டுக்கு வருவார், உனக்கே தெரியும். சந்தோஷம் ஒருபக்கம், சுருக்கென்று இன்னொரு பக்கம். தனியாக இருந்த மனிதர் கேள்வியைப் பாடிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றால், அங்கே பதில் பாடியவள் யார்? சிரிக்காதே, இந்த வயதிலும் அப்படித்தான் தோன்றியது.

ஹச்சினோஹேயின் எண்ணை முன்னால் சேர்த்துச் சுழற்றினேன். மாருதோமே என்று ஒரு பிஸ்கட் கடை, எள்ளும் வேர்க்கடலையும் வைத்துச் சுடுகிற வடக்கத்திக் கடை. எடுத்த பெண்ணிடம் பாட்டைச் சொன்னதும், ஆத்தாடி, அந்த விளம்பரம் நின்னு எவ்வளவு காலமாச்சு, அதுல வர்ற குட்டிப் பையன் எங்க வீட்டுக்காரருதான், இருங்க, மாவுக் கையோட இருக்காரு, கூப்பிடுறேன் என்றாள். இப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும், பீப்பாய்க் குரல். எனக்கு வெக்கமா இருக்குங்க என்று இருமிவிட்டுப் பாடியும் காட்டினார். விளம்பரத்தில் வேலையிலிருந்து வருகிற அப்பா மூடிய கையை நீட்டுவாராம். பையன் அதைத் தட்டி, எள்ளு பிஸ்கட் எனக்கே எனக்கு என்று பாடுவானாம். கை திறக்குமாம். உடனே அப்பா, சரியாச் சொன்னே என்று முடிப்பாராம். அவ்வளவுதான் பாட்டு. கயோ, அந்த வரியைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். அது கோபத்தில் மடக்கிய கை இல்லை. நமக்குப் பதில் தெரியாதபோதுதான் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

மறுநாள் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன், பள்ளிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை மறுபடி பாடவைத்தோம். முஷ்டி நீண்டது. நான் தட்டி, எள்ளு பிஸ்கட் எனக்கே எனக்கு என்று பாடினேன். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு, பார்த்து எத்தனை நாளாயிற்று. ஆனால் கை திறக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். மூடிய அந்தக் கையாலேயே என் கன்னத்தை மெல்லத் தொட்டுவிட்டு, அதே கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, இவ்வளவு உயரம் என்று காட்டினார். கடைக்காரப் பையனையா என்றேன், அதற்கும் அதே தலையாட்டல். அப்போதுதான், நான் மஞ்சள்காமாலையில் படுத்த கோடை ஞாபகம் வந்தது. உனக்கு ஐந்து வயது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அப்பா உன்னை ஹச்சினோஹேக்குக் கூட்டிப் போய் லீவு முழுவதும் வைத்திருந்தார். கயோவா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அழுதார். பிறகு டெலிபோன் நம்பரிலிருந்து மறுபடி தொடங்கினார்.

உன்னைத் தெரியாமல் அல்ல, உன் மேல் வெறுப்பில் அல்ல, ஏப்ரலில் அவர் உனக்குத்தான் கையை நீட்டினார். அந்த அறையில் நீங்கள் இரண்டு பேரும் தினம் மாலை என்ன பாடிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, நீ என்ன பதில் சொல்வாய், கடையின் வரியா, நீயாகக் கட்டிய வரியா, அதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வார்டு போனுக்குக் கூப்பிடு, இங்கே மாலை நாலு மணி, உனக்குக் காலை ஒன்பது. எப்படியிருக்கீங்க என்றெல்லாம் கேட்டுவிடாதே, அதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. நான் போனை அவர் காதில் வைத்துக்கொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பாடி நிறுத்தியதும் நீ பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக் காலுறையோடு திரியாதே. எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் கோயிலில் கும்பிடுகிறேன். ஞாயிறு, நாலு மணி, மறந்துவிடாதே. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, கடன்காரி போலத் தயங்கி நிற்காதே, அவர் உன்னிடம் கேட்பது ஒரு வரிதான்.

என்றும் உன் அம்மா,
தோமிகோ