சாம்பிராணிக்குக் கங்கு இல்லாத வீடு

என் அன்புச் செண்பகத்துக்கு,

ஏளா, எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் காது கொடு. நம் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு உன்னுடையது, முழி என்னுடையது என்கிறார்கள்.

தாய் இல்லாத வீட்டில் பிள்ளைப்பேறா என்று எல்லோரும் கேட்டார்கள். "அப்பா போதும்" என்று கோமதி ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். ஆபீசுக்கு லீவு போட்டேன். பூண்டுக் குழம்புகூட வைக்கப் பழகிவிட்டேன். குளிப்பாட்ட மட்டும் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி வருவாள். நேற்று அவள் வரவில்லை. அன்றைக்குப் பார்த்தா வாசுதேவநல்லூர்ச் சம்பந்தியம்மா பஸ் இறங்க வேண்டும்?

"ஆம்பள எப்படி அண்ணாச்சி பாப்பீய? இன்னைக்கே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கோமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானே குளிப்பாட்டுதேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

கேஸ் அடுப்பில் வெந்நீர் சட்டென்று காய்ந்தது. சாம்பிராணியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, புகை போடக் கங்கு ஏது? நீ போன பிறகு வந்த அடுப்பு இது. நீலமாக எரியும், ஒரு கங்கு விழாது. விறகடுப்பை அன்றைக்கே இடித்தாயிற்று. அக்கம்பக்கத்திலும் கேஸ்தான். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தேய்ப்புக் கடைக்கு ஓடினேன்.

"துணி எங்க அண்ணாச்சி?"

"துணி இல்ல வே. ஒன் தேய்ப்புப் பெட்டியில இருந்து நாலு கங்கு தா!"

அவன் சிரித்த சிரிப்பு சங்கரன்கோவில் முழுக்கக் கேட்டிருக்கும்.

வேட்டியை மடித்துக்கட்டி, முற்றத்தில் மணை போட்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். குழந்தையைக் காலில் கிடத்தினார்கள். ஏளா, தண்ணீர்ப் பதம் உனக்கு எப்படித் தெரிந்தது? முழங்கையை விட்டுப் பார்ப்பாயா, ஆவியைப் பார்த்தே சொல்லிவிடுவாயா? கோமதியைக் குளிப்பாட்டும்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பாயே, அது பாட்டா, அதட்டலா? கிட்டே வந்து கேட்கத்தான் நீ விட்டதில்லையே. "ஆம்பளைக்கு இங்கன என்ன சோலி?" என்று விரட்டுவாய்.

"காலைச் சேத்து வையுங்க அண்ணாச்சி, பிள்ளை வழுக்கும்" என்று சம்பந்தியம்மாதான் சொல்லிக்கொடுத்தார். புகை காட்டி முடிப்பதற்குள் குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. "சரி, இங்கனயே இருக்கட்டும்" என்று சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகவே கிளம்பினார். வாசலில் நின்று ஒன்று கேட்டார்.

"மதினி இருந்திருந்தா இந்தப் பிள்ளைய ஒங்க கையில தந்திருப்பாவளா?"

தந்திருப்பாயா? மாட்டாய். நீ இருந்திருந்தால் இந்தப் பிஞ்சு உடம்பின் சூடு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இதைச் சந்தோஷம் என்று உன்னிடம் சொல்ல வாய் கூசுகிறது. இல்லை என்றால் அது பொய்.

இனி தினமும் நான்தான் குளிப்பாட்டுவேன். பிள்ளை கண்ணில் ஒரு சொட்டுச் சோப்பு படவிட மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
உன் பேத்திக்குத் தாத்தா