சோறு மூடி வைத்துக் காத்திருப்பவர்களுக்காக

மே 11, ஞாயிறு
காலையிலேயே அனல். ஃபேன் காற்றும் சூடு.
ஸ்டெல்லா அக்கா நேற்று அயர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் படிக்கும் கத்தோலிக்கக் கல்லூரியிலிருந்து எட்டு பேர். மூன்று வாரம். காலையில் வகுப்பு, மாலையில் முதியோர் இல்லம், கோயில்கள்.
பூசை முடிவில் ஃபாதர் அதை மைக்கில் அறிவித்தார். "நம்ம வடக்குத்து ஊர் ஆரோக்கியசாமி மகள்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும், நிலக்கரிச் சுரங்கத்தில் தன்னோடு வேலை செய்கிற காண்ட்ராக்ட் ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும்.
பிலோமினா ஆன்ட்டி (எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவி) என்னிடம், "பெரியவ ஏரோப்ளேன்ல. நீ எப்பம்மா தையல் மிசினை வுட்டு எழுந்திரிக்கப் போற?"
சிரித்து வைத்தேன். பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. எப்போதும் போல.

மே 13, செவ்வாய்
கடையில் மூன்று பிளவுஸ். ஒன்றில் கழுத்து இறக்கம் அதிகம், பிரித்துத் தைத்தேன்.
அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். கோயில் வாசலில் பழக்கத்தில் ஷூவைக் கழற்றிவிட்டாளாம். உள்ளே போன பிறகுதான் பார்த்தாள், அங்கே எல்லோர் காலிலும் ஷூ. கல் தரை ஐஸ் மாதிரி. ஒரு வயதான அம்மா ஓடி வந்து, "ஷூ கடிக்குதா? என் வீட்டில் வேறு இருக்கிறது, தரட்டுமா?" என்று கேட்டாராம். கூடப் போனவர்கள் ஒரே சிரிப்பு.
அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசியில் குரல் மாறியது. "இங்க வந்து நான் உன்ன மாதிரி ஆயிட்டேன்டி. வாயே வரமாட்டேங்குது."
அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "கோயிலுக்குள்ள செருப்பு போட்டுகினு நிப்பாங்களா? பாவம், சொல்லித்தர ஆளில்ல போல. நீ கழட்டியே போ, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோன்னு சொல்லு."
அப்படியே டைப் செய்து அனுப்பினேன். அக்கா: "சரிம்மா."

மே 17, சனி
மதியம் கரண்ட் இல்லை. நிலக்கரி எரித்து ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, கையில் விசிறி மட்டை.
அக்கா கேட்கிறாள். அடுத்த ஞாயிறு பூசையில் நம் நாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மன்றாட்டு, அவரவர் மொழியில். "நீ எழுதுடி. அன்பியத்துக்கு எழுதுவியே, அதுபோல."
அன்பியத்துக்கு நான்தான் எழுதுகிறேன், பத்தாவதோடு நின்றதிலிருந்து. அம்மா இடுப்பு முறிந்து படுத்திருந்த வருடம் அது. பக்கத்தில் உட்கார்ந்து வேறென்ன செய்ய. வாசிப்பது ஆன்ட்டி. நான் எழுதியது என்று ஆன்ட்டியையும் எங்கள் வீட்டையும் தவிர யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை. பள்ளியிலேயே எழுந்து நின்று வாசி என்றால் புத்தகத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடுவேன்.
என்ன கேட்கலாம்:
உலக சமாதானம் (எல்லோரும் கேட்பார்கள்)
மழை (அங்கே தினமும் பெய்கிறதாம்)
அம்மா இடுப்பு (சொந்த விஷயம்)
அப்பா நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். டிபன் பாக்ஸ், டார்ச், தலையில் துண்டு. "வரன்டா." அதன் பிறகுதான் வரிகள் வந்தன.
"எங்கோ ஒரு வீட்டில் விளக்கு எரிய, சுரங்கத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்காக. அவர்களுக்குச் சோறு மூடி வைத்துக் காத்திருப்பவர்களுக்காக. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்வரை நீர் விழித்திருக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."
அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு பயம்.

மே 21, புதன்
அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லையோ.
ஜூன் முதல் ஞாயிறு பூசை எங்கள் அன்பியத்தின் முறை. ஆன்ட்டி தெருவில் நின்றே, "எழுதி வையி, நான் படிச்சுக்கறேன்."
பாவாடைக்கு நாடா வாங்க வேண்டும்.

மே 26, திங்கள்
நேற்று எழுத முடியவில்லை.
வீடியோவும் வாய்ஸ் மெசேஜும் வந்தன. அந்தப் பெரிய கல் கோயில். அக்கா புடவையில், காலில் கம்பளி சாக்ஸ். ஷூ தருகிறேன் என்ற அந்த அம்மாவே பின்னிக் கொடுத்ததாம். அக்கா தமிழில் வாசிக்கிறாள். என் வார்த்தைகள். கூடப் போன பெண் அதையே இங்கிலீஷில் வாசித்தாள்.
பூசை முடிந்து ஒரு பெரியவர் அக்காவிடம் வந்தாராம். அவர் ஊரில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்களாம். அவருடைய அப்பா அந்த வேலைதானாம். "எங்கள் அம்மாவும் தட்டு மேல் தட்டு கவிழ்த்து வைப்பாள். யார் எழுதியது?"
அக்கா சொல்லியிருக்கிறாள்: "என் தங்கச்சி. டெய்லர்."
அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அப்பா வேலைக்கான சட்டையைக்கூட மாற்றாமல் பார்த்தார். "மூடி வச்சிகினு காத்திருக்கறதுன்னா, அது உங்கம்மாதான?"
அம்மா: "பின்ன யாரு, எதுத்த வூட்டுக்காரியா?"
அப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். நேராக பிலோமினா ஆன்ட்டி வீடு. தடுப்பதற்குள் போய்விட்டார். தெருவுக்கே கேட்டது: "எம்பொண்ணு எழுதனது, பாருங்க!"
ஆன்ட்டி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ நாள் என்னையப் பாராட்டுனவங்களுக்கெல்லாம் நான் தேங்ஸ் சொல்லிகினு இருந்தேனேடி! ஞாயித்துக்கிழம நீயே படி."
"முடியாதுங்க ஆன்ட்டி."
"படிக்கற."

மே 31, சனி
அக்கா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வந்ததும் ரசம் கேட்டாள். பெட்டியில் அந்த சாக்ஸ். இந்த வெயிலில் அதைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பைத்தியம்.
கடையில் தையல் மிசின் மோட்டார் ஓடும்போது அதே மன்றாட்டை வாசித்துப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை.
"பயமா இருக்குக்கா."
"அந்தக் கல் தரையில எனக்கும் பயந்தான்டி. உன்னோட வார்த்தையப் புடிச்சிகினுதான் நின்னேன். நீயும் அதையே புடிச்சிக்கோ."
அப்பா நாளைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்.

ஜூன் 1, ஞாயிறு
வாசித்தேன்.
மைக் உயரமாக இருந்தது, ஆன்ட்டிதான் வந்து இறக்கி வைத்தார். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. "சோறு மூடி வைத்து" என்ற இடத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு குரல் வந்தது. முடித்ததும் கோயில் முழுக்க, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." என் குரலைத் தொடர்ந்து இத்தனை குரல்.
வெளியே வந்து தேடினேன். கழற்றிய இடத்தில் செருப்பு இல்லை. வேப்ப மர நிழலில் அப்பா, கையில் என் செருப்போடு. அந்தக் கூட்டமே பார்க்க.
"வெயில்ல சுட்டுடும்னு எடுத்து வச்சிருந்தன். போட்டுகினு வா."