இடுப்பளவு பாக்கி

அம்மாடி,

ஊருக்கெல்லாம் துணி தைத்த உன் அப்பன், நேற்று முதுகில் முடிச்சு நிற்காத ஆஸ்பத்திரி அங்கியில், ஒரு கையால் மானத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதை நான் தைத்திருந்தால் கூலி கேட்டிருக்க மாட்டேன்.

சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது ஆடினால் ரத்தம் கசியுமாம். எனக்கோ உதறல். ஊசியை வைத்தே பிழைத்தவனுக்கு ஊசிப் பயம்! நர்சம்மா, "ஹிப்னாடிசம் பண்றேன். கண்ணை மூடி, மனசுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க" என்றார். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தக் குரலோடு நம் கடைக்கே போய்விட்டேன். வெட்டுமேசை மேல் சின்னப் பிள்ளையாய் நீ நிற்கிறாய், பாவாடைக்கு அளவெடுக்கிறேன். டேப் பட்டதும் நெளிகிறாய்.

"ஆடாம நில்லு, கழுதை."

"கூசுதுப்பா."

அதற்குள் ஊசி இறங்கிவிட்டது. யாரோ விரலால் அழுத்தினதுபோல இருந்தது, அவ்வளவுதான். கசிவு இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு நீ ஓடி வரவேண்டாம்.

"முடிஞ்சது, கண்ணைத் திறங்க. எங்க போனீங்க?" என்றார் நர்சம்மா.

"கடற்கரைக்கு" என்றேன்.

'இடுப்பளவு பாக்கி இருக்கும்மா, எடுத்துட்டு வந்துடறேன்' என்று அவர் கண்ணைத் திறக்கச் சொன்னபோதே வாய்வரை வந்தது.

அப்பா