எடுத்துப் போன தட்டு

ஞாயிறு இரவு

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் மகனும் மருமகளும் இன்று என்னைப் பெரிய இத்தாலிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். வந்ததிலிருந்து மருமகள் என்னிடம் அதிகம் பேசவில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

இறால் போட்ட பாஸ்தா ஆளுக்கொரு தட்டில் வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிறவர் வந்து, "பிடிக்கலையாம்மா, எடுத்திரட்டுமா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டேன். தட்டு போய்விட்டது.

"வேற சொல்லுதேம்மா" என்றான் மகன்.

"வேண்டாம்ல, பசிக்கல."

மருமகள் தன் தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்தினாள். பாதி அப்படியே இருந்தது.

"நீங்க கடைசியாத்தான் சாப்பிடுவீங்க, வந்ததுலேர்ந்து பாக்குறேன் அத்தை. நீங்க ஆரம்பிக்கட்டும்னுதான் நானும் பாதில நிறுத்திட்டேன். வாங்க, சேந்து சாப்பிடுவோம்."

இறாலை அவள் என் பக்கம் ஒதுக்க, நான் அவள் பக்கம் தள்ள, ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் கடைசியில் சாப்பிடுவதை இன்றைக்குத்தான் கேள்விப்பட்டவன்போல மகன் முழித்தான்.

நாளைக் காலையில் இட்லியை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிடுவேன். அவன் எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும்.