இரண்டாவது மணி

பொலன்னறுவை,
14.8.1955

அன்பு றுக்கையா,

பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆசிரியர் கல்லூரிச் சுற்றுலாவில் ஒரு பஸ் நிறைய வந்திருக்கிறோம். மற்றவர்கள் பேசிக்கொண்டே பார்க்கிறார்கள். நான் உன்னிடம் சொல்வதற்காகப் பார்க்கிறேன்.

இன்று பாறையில் செதுக்கிய, படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். அந்தத் தலையணை, றுக்கையா! தலை அழுத்திய இடத்தில் கல் லேசாகப் பள்ளமாக இருக்கிறது, பஞ்சில் விழுவது போல. அதைச் செதுக்கியவன், யாரோ தூங்குவதை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு சோழர் காலத்துச் சிவன் கோயில். "பூசை நின்றுபோன இடம், சரித்திரமாகப் பாருங்கள்" என்றார் டீச்சர். உள்ளே போனால் லிங்கத்தின் மேல் வாடாத பூ! பிள்ளையின் காய்ச்சலுக்காக ஒரு சிங்களப் பெண் வைத்துவிட்டுப் போகிறாள். நின்றுபோனது என்று நாம்தான் சொல்கிறோம்.

நேற்றுச் சிகிரியா. பாதி மலையில் வழவழவென்று ஒரு சுவர். பழங்காலத்தில் வந்தவர்கள் அதில் கீறி எழுதியிருக்கிறார்கள். 'நோர்வூட் நாகலெட்சுமியும் றுக்கையாவும் வந்தோம்' என்று எழுத நானும் விரலை நீட்டினேன். "நங்கி, அத்த தியன்ன எப்பா!" தங்கச்சி, கை வைக்காதே என்று காவல்காரர் சிங்களத்தில் கத்தினார். கையை வைக்கவேயில்லை, காற்றில்தான் எழுதினேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

அடுத்தது நம் மலை. சிவனொளிபாதத்துக்குச் சேர்ந்துதான் ஏறுவது என்று பள்ளிக்கூட ஜன்னலில் நின்று சத்தியம் செய்தோமே! எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை உச்சியில் மணி அடிப்பதுதானே வழக்கம். நமக்கு ஆளுக்கு ஒன்று. மார்கழியில் பருவம் தொடங்கியதும் வருகிறேன், தயாராக இரு.

உன்னோடு மலை ஏற இப்போதே அவசரப்படும்,
நாகு

நோர்வூட்,
22.8.1955

அன்புள்ள நாகு,

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையணை வந்த இடத்தில் உம்மா தையலை நிறுத்திவிட்டார். வாப்பாவும் கதவோரம் நின்று கேட்டார், கேட்காதது போல.

சமயம் பார்த்து மலையைப் பற்றிக் கேட்டேன். "மலயப் பாக்கணுமெண்டா ஜன்னலத் தொறந்து பாரு மகள், கால் நோகாது" என்றார் வாப்பா. உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஒரு செய்தி. தை மாதம் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை சரிபுதீன், மஸ்கெலியாவில் துணிக்கடை. நல்லவர் என்கிறார்கள். நம் சத்தியம் இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்.

இன்னொன்று, கோபிக்காதே. சிகிரியாவில் என் பெயரை எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள் நான். கடைத்தெரு முனையைக்கூட அதற்குப் பிறகு தனியாகத் தாண்டியதில்லை. வராதவளை வந்ததாக எழுதாதே, நாகு. வந்தால் நானே எழுதுவேன்.

அதற்காகக் கடிதத்தை நிறுத்திவிடாதே. அடுத்த கல் என்ன என்று உம்மா கேட்கிறார்.

றுக்கையா

கண்டி,
30.8.1955

அன்பு றுக்கையா,

வெட்கமாக இருக்கிறது. உன்னைக் கூட்டிப்போவதாக நினைத்துக்கொண்டு உன் பெயரை மட்டும் கூட்டிப்போயிருக்கிறேன். இனி அப்படிச் செய்யமாட்டேன்.

உன் கலியாண நாளில் எனக்குப் பரீட்சை. அப்பாவிடம் சேலை கொடுத்தனுப்புகிறேன், பச்சைக் கரை போட்டது. மலை அங்கேயே இருக்கட்டும். நீயில்லாமல் நான் ஏறமாட்டேன்.

உம்மாவுக்கு இந்தத் தடவை கல் இல்லை, மரம். அநுராதபுரத்துப் புனித வெள்ளரசின், அந்தப் போதி மரத்தின் கீழே நின்றோம். காற்று வீசியதும், ஓர் இலையாவது விழாதா என்று கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. சரித்திரம் படிக்க வந்த நானும் வாயைத் திறந்தபடிதான் நின்றேன்!

மறவாத,
நாகு

மஸ்கெலியா,
19.2.1956

என் நாகு,

கால் இரண்டும் வீங்கிப்போய், நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். ஏறிவிட்டேன்!

மகன் கலியாணம் நல்லபடி முடிந்தால் பாவா ஆதம் மலைக்கு, அதுதான் நம் மலைக்கு, வருவதாக என் மாமி ஆமினா உம்மா நேர்ந்திருந்தாராம். மருமகள் இல்லாமல் நேர்ச்சையா? வாப்பாவும் சரி என்றுவிட்டார். சம்பந்தியம்மாவிடம் போய் ஜன்னலைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல முடியுமா!

வழியெல்லாம் ஒரு பக்கம் சாது சாது, ஒரு பக்கம் அரோகரா. மாமி சலவாத்து ஓதிக்கொண்டே ஏறினார். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். "கெழவி நான் முன்னுக்குப் போறன், எளம் புள்ள நீ குந்திட்டியா?" என்று மாமி ஏசினார். தோட்டத்து அக்கா ஒருவர் தண்ணீர் கொடுத்து, "இன்னுங் கொஞ்சந்தாங்க தங்கச்சி" என்றார். "இதத்தானே நீங்க கீழயும் சொன்னீங்க" என்றார் மாமி. மூவரும் சிரித்ததில் மூச்சே போய்விட்டது.

உச்சியில் வெளிச்சம் வந்ததும் நம் பள்ளிக்கூட ஜன்னலைத் தேடினேன். அங்கிருந்து மலை தெரிகிறது, மலையிலிருந்து ஜன்னல் தெரியவில்லை.

மணிக் கயிற்றைப் பிடித்து ஒன்று அடித்தேன். கை கயிற்றை விடவில்லை. இன்னொன்றும் அடித்துவிட்டேன். மாமி திரும்பி, "என்ன புள்ள, எனக்குத் தெரியாம முந்தி எப்ப வந்த?" என்றார்.

"இது என் கூட்டாளிக்கு, மாமி" என்றேன்.

வராதவளை வந்ததாக எழுதாதே என்று உன்னை ஏசியவள் நான்தான். அங்கே நின்றபோதுதான் உன் விரல் ஏன் தானாக நீண்டது என்று தெரிந்தது.

பருவம் முடிவதற்குள் வா. மாமி நம் இரண்டு பேரையும் கூட்டிப்போகிறாராம். சத்தியப்படி சேர்ந்தே ஏறுவோம். இப்போது ஆளுக்கு இரண்டு மணி. ஒன்றோடு நிறுத்தி என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே.

மலை ஏறி இறங்கிய,
றுக்கையா