ஒரே மெத்தை, இரண்டு தலையணை

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். இந்த நாலு வரிக்கே டீ ஆறிப்போய்விட்டது. மெத்தை தைக்கும் ஊசி பிடித்த கைக்குப் பேனா அடங்கிவிட்டது என்று டீச்சர் சொல்கிறாள்.

நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த பத்திரிகைச் செய்தி எது தெரியுமா? ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் ஜெயில் என்ற சட்டத்தைத் தூக்கிவிட்டார்களாம். வெள்ளைக்காரன் தன் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து இங்கே அவிழ்த்த சட்டம். போகும்போது சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவன் இதை மட்டும் விட்டுப் போனான். பிறகு அவன் ஊரிலேயே அதைக் குப்பையில் போட்டுவிட்டான். நாம்தான் தூசி தட்டிப் பத்திரமாக வைத்திருந்தோம். கோர்ட் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குக் கண் போய்விட்டது, மகள்தான் எல்லாம் படித்துக் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவசரமே இல்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி (சொந்தக் கையெழுத்து)

செப்டம்பர் 20

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நீ படிக்கக் கற்றது சந்தோஷம். ஆனால் இந்த வயதில் கண்ட கண்ட செய்தியெல்லாம் நமக்கு எதற்கு? அன்று இருந்த சட்டப்படி அன்று எல்லோரும் நடந்தோம். நீ ஜெயிலுக்குப் போன அந்தத் திருட்டுக் கேஸை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

படுத்தே கிடந்து முதுகெல்லாம் புண். கடையில் வாங்கிய மெத்தை கல்லாய்க் குத்துகிறது. உன் கையால் ஒரு பஞ்சு மெத்தை தைத்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

அண்ணன்

அக்டோபர் 14

அண்ணாவுக்கும், இதைப் படிக்கும் மகளுக்கும்,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். 'மன்னித்துவிட்டேன்' என்ற இடம் வந்ததும், தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்றாள்.

மகளே, உன் அப்பா நிறுத்தச் சொல்வார். நீ நிறுத்தாமல் படி. நான் எதையும் திருடவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக் ஒருவன் இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவோம். அவனும் நானும் ஒரே அறையில் நாலு வருஷம் குடும்பம் நடத்தினோம். அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு சாண் கூட்டி மெத்தை தைத்தேன். போலீஸில் எழுதிக் கொடுத்தது உன் அப்பா. கூண்டேறிச் சாட்சி சொன்னதும் அவர்தான்.

"நானே பாத்தேங்கய்யா. ஒரே மெத்தை, ரெண்டு தலையணை."

நெட்டைக்கு வாய் சும்மா இருக்குமா? "மெத்தைக்காரன் வீட்ல தலையணை இல்லாம வேற என்னங்கய்யா இருக்கும்?" என்றான். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. மெத்தையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மூன்று வருஷம், எதிர்த்துப் பேசியதற்குச் சேர்த்து அவனுக்கு ஐந்து. இரண்டாம் வருஷமே காய்ச்சலில் செத்தான், ஜெயிலின் சிமெண்ட் தரையில். கீழே ஒரு சாக்குக்கூட இல்லை.

அண்ணா, நல்ல பஞ்சாகப் பார்த்து வாங்கினேன். வெயிலில் காயவைத்து அடித்தேன். அப்படியே பொங்கி வந்தது. அதில் எனக்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டேன், ஒரு சாண் கூட்டித்தான். படுத்தால் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. மிச்சப் பஞ்சு இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால், கோர்ட்டில் செய்ததை உங்கள் வாயாலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். மகள் எழுதி அனுப்பட்டும். மெத்தை வரும்.

காத்திருக்கும்,
தம்பி

நவம்பர் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, உண்மையா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெத்தை வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அவருக்கு எப்போதும் தலைக்கு இரண்டு தலையணை வேண்டும். ஒன்றை உருவிக்கொண்டேன். கையால் துழாவித் துழாவி, "இன்னொன்னு எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் மகள்