கோட்டுக்குள் இருந்த கோல்

டோல்வென், வேல்ஸ்
6 செப்டம்பர் 1987, ஞாயிறு

அன்பு மகள் மரெட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் முனகுகிறது, இங்கே மழை வராத நாள் ஏது, அதனால் தினமும் முனகுகிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டாலும் நியூசிலாந்து வரை வந்து எட்டிப்பார்க்கவா முடியும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கால்நடை மருத்துவர் வேலையை நிரந்தரமாக்கித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒப்புக்கொண்டால் இனி அங்கேயேதான் என்று எழுதியிருந்தாய். "நீ சொல்லும்மா, இருக்கட்டுமா, வந்துடட்டுமா" என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆடு பாக்க அவ்வளவு தூரம் போவானேன், இங்க கதவைத் தொறந்தா ஆடுதானே நிக்குது" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. பதில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் ஐந்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து இன்று ஆலயம் போய் வந்த கையோடு உட்கார்ந்தேன்.

ஊரில் கோடைக் கூட்டம் குறைய ஆரம்பித்துவிட்டது. கோட்டைத் தோட்டத்து மயில் ஒன்று பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒரு அம்மாவின் கேக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கால்வாயில் படகு இழுக்கும் குதிரை வழக்கம்போலப் பாதி வழியில் நின்று புல் மேய, படகில் இருந்தவர்கள் அதையும் காசு கொடுத்த காட்சி என்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைதான் ஞாபகம் வருகிறது. வருஷத்தில் அந்த ஒருநாள் நாமும் வெளியூர்க்காரர்கள். ஸ்டேஷன் வேலைக்குப் போடும் என் ரயில்வே தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று சீட்டு வாங்கி, நம் சின்ன நீராவி ரயிலில் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து அருவிக்குப் போவோம். இறங்கியதும் மழை பிடித்துக்கொள்ளும். தகரக் கொட்டகையில் ஒடுங்கி நின்று நசுங்கிப்போன முட்டை சாண்ட்விச்சைத் தின்போம், "நனையாம திரும்பினா அது சுத்திப் பாத்த கணக்கிலயே வராது" என்பார் அப்பா. ஒரு வருஷம் பளிச்சென்று வெயில் அடித்தது, நீ கொட்டகைக்குள் போக வேண்டுமென்று அடம்பிடித்து அழுதாய். அந்த ஈரக் கம்பளி வாடையும் கரிப்புகை வாடையும் இன்னும் என் மூக்கிலேயே இருக்கின்றன, கண்ணு. அந்த நாட்கள் திரும்பி வந்தால் நான் இன்னும் பத்து வருஷம் நனைவேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு வருஷத்துக்கு முன் நீ புறப்பட்ட அன்று நான் ரயில் கோலை மறதியாக எடுத்து வந்துவிட்டேன் என்றுதான் நீயும் ஊரும் நம்புகிறீர்கள். ஒற்றைத் தண்டவாளத்துக்கு ஒரே ஒரு கோல், அதை நான் கையில் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். இத்தனை வருஷம் அந்த நடைமேடையில் நின்ற எனக்கா அது மறக்கும்? எழுபது பேர் அருவி பார்க்க உட்கார்ந்திருக்க, டிரைவர் கெத்தின் பெட்டி பெட்டியாகப் போய், "கோலு மகளை வழியனுப்பப் போயிருக்கு, வந்தாத்தான் வண்டி" என்று சொன்னாராம். இன்றைக்கும் புதன் சந்தையில் சீஸ் விற்கும் நெஸ்டா, "என்ன எலூனெட், கோட்டுக்குள்ள என்னடி ஒளிச்சிருக்கே" என்று சீண்டுவாள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வருவேன். மறதி இல்லை, மரெட். கோல் என் கையில் இருக்கும்வரை ஊரைவிட்டு எதுவும் நகராது என்று அன்று காலையில் ஒரு பைத்தியக்கார எண்ணம். தெரிந்தேதான் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தேன். நான் கட்டிப்பிடித்தபோது "என்னம்மா இது, இடிக்குது" என்றாய், குடை என்றேன். பேருந்துக்கு ஏது கோல், அது பாட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் நான் கோலை விடவில்லை. ஆறு வருஷமாக அப்பாவின் முழங்கால், காலியாகக் கிடக்கும் உன் அறை என்று எதையாவது எழுதி எழுதி உன்னை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்றதை இதற்கு முன் நீ இரண்டு முறை வேண்டாமென்று தள்ளியதற்கு என் கடிதங்கள்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையும் முழங்காலில்தான் ஆரம்பித்திருக்கிறேன் பார், பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். தன் முழங்கால் விஷயத்தை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

அங்கேயே இரு, மகளே. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு. எனக்கு ஏக்கமே இல்லை என்று எழுதினால் அது பொய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது ஒரு பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு வா, வெளியூர்க்காரியாகவே வா, நான் வரிசையில் நின்று உனக்குச் சீட்டு வாங்குகிறேன், மழைக்கு அப்பா பொறுப்பு. ஈரக் காலுறையோடு ஆட்டுப்பட்டியில் நிற்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மாதக் கடைசியை மறந்துவிடாதே. கோலை நீட்டிவிட்டேன், வாங்கிக்கொண்டு வண்டியை எடு.

உன் அன்பு அம்மா,
எலூனெட்